கப்பலை எரித்தவன்

எங்கள் விடுதியில் வார்கிராஃப்ட் 3 இல்லாத கம்ப்யூட்டரே கிடையாது. ஆனால் அதன் கதை தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2000-களின் நடுப்பகுதி அது. எல்லோருக்கும் வேண்டியது டோட்டா. அப்போது டோட்டா தனி விளையாட்டு அல்ல. ப்ளிஸார்ட் நிறுவனம் 2002 ஜூலையில் வார்கிராஃப்ட் 3-ஐ வெளியிட்டது, அடுத்த ஜூலையில் ஃப்ரோஸன் த்ரோன் என்ற விரிவாக்கம் வந்தது. அதற்குள் ரசிகர்களே செய்து ஏற்றிக்கொண்ட ஒரு மேப்தான் டோட்டா. அதை ஆட வேண்டுமென்றால் மொத்த விளையாட்டையும் ஏற்றியாக வேண்டும். லேனில் எவனோ ஷேர் போட்டிருந்த ஃபோல்டரிலிருந்து இரவோடு இரவாகக் காப்பி எடுப்போம், ஐந்துக்கு ஐந்து ஆடுவோம், தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுத் தூங்கப் போவோம். கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் மட்டும் உட்கார்ந்து எழுந்து வருகிறவனுக்கு மாப்பிள்ளையின் பெயர் தெரியாதல்லவா, அப்படித்தான் எங்களுக்கு ஆர்தஸ் யாரென்று தெரியாது.

ஸ்டடி ஹாலிடேஸில்தான் நான் அந்தக் கதைக்குள் போனேன். பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பத்துப் பேர் சேரவில்லை, அதனால் டோட்டா இல்லை. என் அறைத்தோழன் திருநெல்வேலிக்காரன். சிவில் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்து அறைக் கும்பகோணத்துக்காரன் டீ டம்ளரோடு வந்து நிற்பான். அவன் அப்பா தமிழாசிரியர். பட்டிமன்றக் கேசட்டுகளைக் கேட்டே வளர்ந்தவன். எதையும் "நடுவர் அவர்களே" என்றுதான் தொடங்குவான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். லார்டேரான் நாட்டின் அரசர் டெரெனாஸ். அவர் மகன் ஆர்தஸ். ஒளியின் பேரால் சபதம் எடுத்துக்கொண்ட சில்வர் ஹேண்ட் வீரர்களில் ஒருவன், நாட்டின் செல்லப்பிள்ளை. அவனுக்கு அறம் கற்றுக்கொடுத்த குரு ஊதர். ஜெய்னா மந்திரம் கற்றவள், ஒரு காலத்தில் இவனைக் காதலித்தவள். வடக்கு ஊர்களில் திடீரென்று ஒரு கொள்ளைநோய் கிளம்புகிறது. ஆர்தஸும் ஜெய்னாவும் விசாரித்துக்கொண்டே போகிறார்கள். ஆண்டோர்ஹால் கிடங்கிலிருந்து ஊர் ஊராகப் போன தானியத்தில்தான் நோய் கலந்திருக்கிறது என்று தெரிகிறது. கலந்தவன் கெல்துசாட் என்ற சூனியக்காரன். அவனை ஆர்தஸ் அங்கேயே கொன்றுபோடுகிறான். சாவதற்கு முன் அவன், தனக்கு மேலே மல்கானிஸ் என்றொருவன் இருப்பதையும், அவன் ஸ்ட்ராத்தோம் நகரத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறான்.

அதற்கு நடுவே ஹார்த்க்ளென் என்ற ஊர் வருகிறது. இந்தக் கட்டத்தை ஆடாமல் ஸ்ட்ராத்தோமைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறவர்களிடம் எனக்கு இன்றும் பொறுமை கிடையாது. தானியம் அங்கே ஏற்கெனவே பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதைத் தின்றவர்கள் செத்துப்போவதோடு முடிவதில்லை என்பது அங்கேதான் ஆர்தஸுக்குப் புரிகிறது. செத்தவர்கள் எழுந்து எதிரியின் படையில் சேருகிறார்கள். ஜெய்னாவை ஊதரிடம் அனுப்பிவிட்டு, உதவி வரும்வரை முப்பது நிமிடம் அந்த ஊரைத் தாக்குப்பிடிக்க வேண்டும். கதையில் அல்ல, கடிகாரத்தில் முப்பது நிமிடம். எல்லாத் திசையிலிருந்தும் வருவார்கள். சுற்றியிருக்கும் சிற்றூர்கள் ஒவ்வொன்றாகப் போகும். காப்பாற்ற ஓடினால் இங்கே வாசல் உடையும். அந்த அரை மணி நேரம் முடிந்து ஊதர் வந்து சேரும்போது ஆடுகிறவன் கை வேர்த்திருக்கும். ஸ்ட்ராத்தோமின் வாசலுக்கு ஆர்தஸ் அந்த மனநிலையில்தான் வருகிறான். நாமும் அப்படித்தான் வருகிறோம்.

ஆறாவது அத்தியாயம். நகரத்துக்கு வெளியே ஆர்தஸ், ஊதர், ஜெய்னா மூவரும் நிற்கிறார்கள். தானியம் உள்ளே போய்விட்டது. உள்ளே இருப்பவர்கள் இன்னும் மனிதர்கள்தான், நடமாடுகிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் மாறிவிடுவார்கள். நகரம் முழுவதையும் இப்போதே வெட்டிச் சாய்த்தாக வேண்டும் என்கிறான் ஆர்தஸ். ஊதர் மறுக்கிறார். வருங்கால அரசனாக ஆணையிடுகிறேன் என்கிறான். நீ இன்னும் அரசனாகவில்லை, ஆகியிருந்தாலும் செய்யமாட்டேன் என்கிறார். இது ராஜத்துரோகம் என்று சொல்லி, குருவையே பதவியிலிருந்து விலக்குகிறான். பிறகு படைவீரர்களைப் பார்த்து, இந்த நாட்டைக் காப்பாற்றும் துணிவுள்ளவர்கள் என்னோடு வாருங்கள், மற்றவர்கள் என் கண்முன் நிற்க வேண்டாம் என்கிறான். ஊதர் போகிறார். ஜெய்னாவும் போகிறாள். மொத்தக் காட்சியும் ஓரிரு நிமிடம்தான். எங்கள் விடுதியில் அதைப் பற்றிய பேச்சு அந்த செமஸ்டர் முடியும்வரை ஓடியது.

அந்த மிஷனை ஆடுவது எப்படி இருக்கும் என்று சொல்லியாக வேண்டும். உள்ளே போனதும் மல்கானிஸ் தோன்றுகிறான். அவனும் இதே மக்களுக்காகத்தான் வந்திருக்கிறான். அவன் நூறு பேரைத் தன் பக்கம் மாற்றுவதற்குள் நாம் நூறு பேரைக் கொன்றுவிட வேண்டும். திரையின் மேல் மூலையில் இரண்டு வரி, இரண்டு எண், கிரிக்கெட் ஸ்கோர்போர்டு மாதிரியே. வீட்டை அடித்தால் கூரை பற்றிக்கொள்ளும். இடிந்து விழுந்ததும் உள்ளிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள். சில நொடிகளில் உருமாறுவார்கள். உருமாறும் முன்பே வெட்டினாலும் கணக்கில் ஒன்று ஏறும். முதல் வீட்டின் மேல் மௌஸை வைக்கும்போது இருந்த தயக்கம், நான்கைந்து தெரு தாண்டியதும் காணாமல் போய்விட்டது. மல்கானிஸின் எண் நம்முடையதைத் தாண்டினால் எரிச்சல்தான் வந்தது.

"லே, அந்தத் தெருவ விட்டுட்டியே, அவன் அள்ளிட்டுப் போறான் பாரு!" என்று கட்டிலிலிருந்து எழுந்தே விட்டான் திருநெல்வேலிக்காரன்.

அந்த வரியைப் பின்னால் கும்பகோணத்துக்காரன் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டான். "நடுவர் அவர்களே, அந்தத் தெருவில் இருந்தவர்கள் யார் என்று இவன் ஒரு தடவையாவது கேட்டானா? அவர்கள் போனது இவனுக்கு வருத்தமில்லை. எதிரிக்குப் போனதுதான் வருத்தம்." நான் ஆடி முடித்தவன் என்பதால் என்னையே நடுவராக்கியிருந்தார்கள். உட்கார நாற்காலி ஒன்றுதான். அதைக் கொடுத்தார்கள்.

திருநெல்வேலிக்காரன் விடுகிறவன் இல்லை. "அந்தப் பெரிய மனுசன் என்ன சொல்லுதாரு? கூடாதுங்காரு. சரிய்யா, கூடாது. பெறவு என்ன செய்யணும்னு வாயத் தெறந்து சொன்னாரா? குதிரைய திருப்பிட்டுப் போயிட்டாரு. இவன் கையில ரத்தம் பட்டுச்சு, அவரு கை சுத்தம். சுத்தமா இருக்கதுதான் தருமமா?"

இதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. கும்பகோணத்துக்காரன் தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போனான். கம்பனிடம். வீடணன் அண்ணனை விட்டுப் போனது சரியா, கும்பகருணன் தவறென்று தெரிந்தும் கூடவே நின்றது சரியா என்பது நம் ஊர்ப் பட்டிமன்ற மேடைகளில் எத்தனையோ முறை அலசப்பட்ட விஷயம். ஊதரும் ஜெய்னாவும் வீடணன் வழி என்றான் அவன். எதிர்த்துப் பேசினார்கள், கேட்கவில்லை, விலகினார்கள். "அப்போ கும்பகருணன் யாருல?" என்று மற்றவன் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எனக்குள் கிடந்தது. ஆர்தஸின் பின்னால் உள்ளே போன சிப்பாய்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு விளையாட்டில் பெரிதாக வசனமே இல்லை. சொன்னால் "ஆகட்டும்" என்று போவார்கள். செஞ்சோற்றுக்கடன் என்று சொல்வோமே, அதைக் கழித்தவர்கள் அவர்கள்தான்.

விவாதத்தில் இரண்டு கட்சிக்கும் வசதியாக நிறைய இருந்தது. நகரத்தில் எல்லோரும் அந்தத் தானியத்தைத் தின்றார்களா? தெரியாது. மருந்து உண்டா? தேடவே இல்லை. நேரம் இருந்ததா? இல்லை. மல்கானிஸ் உள்ளேயே நிற்கிறான். இன்னொன்றும் உண்டு. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அதே ஸ்ட்ராத்தோமுக்குள் போகலாம். கதைப்படி ஆண்டுகள் கழிந்தும் நகரம் எரிந்துகொண்டே இருக்கிறது, உள்ளே பிணப்படை. இத்தனை பேரைக் கொன்றதனால் அந்த நகரம் எதிரிக்குப் போகாமல் இருந்ததா என்றால், இல்லை. கும்பகோணத்துக்காரன் இதை எங்கோ படித்துவிட்டு வந்து வெற்றிப் புன்னகையோடு வைத்தான். "அது பெறவு நடந்தது, அவன் அப்போ எங்க கண்டான்?" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டான் திருநெல்வேலிக்காரன். தள்ளியது நியாயம்தான். பின்னால் வந்த விளைவை வைத்து முன்னால் எடுத்த முடிவை எடைபோடக்கூடாது.

எனக்கென்னவோ எழுதியவர்கள் மேல்தான் ஒரு குறை. ஊதரின் வாயில் அவர்கள் சரியான வாதம் எதையும் வைக்கவில்லை. அவர் அறமே உருவானவர், சரி. ஆனால் வாசலை அடைப்போம், நோய் தொற்றாதவர்களைப் பிரிப்போம், தலைநகரிலிருந்து வைத்தியர்களை அழைப்போம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. இளவரசன் விழ வேண்டும் என்று கதை முடிவு செய்துவிட்டது, அதனால் அவனைத் தடுக்கக்கூடியவரை ஊமையாக்கிவிட்டார்கள். இந்த இடத்தில் கம்பனைக் கூப்பிட்டது எவ்வளவு பொருத்தம் என்று பிறகு யோசித்தேன். அங்கே கும்பகருணனுக்கும் வீடணனுக்கும் வாதம் கொஞ்சமாகவா இருக்கிறது? இரண்டு பக்கமும் நிறைத்து வைத்திருப்பதால்தானே மேடைகள் இன்றும் ஓய்வதில்லை.

இப்படிக் கத்திக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, மாடியிலிருந்து ஒரு சீனியர் இறங்கி வந்தார். ஈரோட்டுக்காரர். கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து ஆர்டர் கையில் வாங்கிவிட்ட நிம்மதியில் இருந்தவர். வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஏன்டா, ஸ்ட்ராத்தோமோட நிறுத்திட்டீங்களா? கப்பல் வரைக்கும் போனீங்களா இல்லையா?"

"இல்லண்ணே, இவன் முடிச்சிட்டான். நாங்க பாக்கல" என்றான் திருநெல்வேலிக்காரன்.

"அப்பறம் என்னத்தடா பேசறீங்க? போய்ப் பாத்துட்டு வாங்க. பேச வேண்டியது அங்கதான் இருக்குது." அவ்வளவுதான். படியேறிப் போய்விட்டார்.

ஸ்ட்ராத்தோமுக்குப் பிறகு மல்கானிஸ் தப்பித்து வடதுருவம் போன்ற நார்த்ரெண்டுக்குப் போகிறான். உலகத்தின் மூலைவரை துரத்துவேன் என்று கப்பலேறுகிறான் ஆர்தஸ். அங்கே பழைய நண்பனான முராடின் என்ற குள்ள வீரனைச் சந்திக்கிறான். இதற்குள் ஊதர் அரசரிடம் பேசி, படையைத் திருப்பி அழைக்கும் ஆணையோடு ஒரு தூதரை அனுப்பிவைக்கிறார். ஆர்தஸ் முகாமில் இல்லாத நேரத்தில் தூதர் வந்து சேர, வீரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். பனியில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வீடு திரும்ப ஆணை வந்திருக்கிறது, நிற்பார்களா? காட்டுப்பாதையில் கப்பல்களை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எட்டாவது அத்தியாயத்தில் நம் வேலை என்ன தெரியுமா? நம்முடைய சொந்த வீரர்கள் கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் நம்முடைய சொந்தக் கப்பல்களை எரிப்பது. அதற்கு ஆள் வேண்டும். காசு கொடுத்தால் கூலிக்கு வரும் காட்டுப்பிராணிகளை அமர்த்திக்கொள்கிறான். நேர்வழியில் பிணப்படை நிற்கிறது. அதனால் மரங்களை வெட்டிப் புதுவழி போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு கப்பலாக எரிகிறது. வீரர்கள் மூச்சிரைக்க வந்து நிற்கிறார்கள். ஆர்தஸ் அந்தக் கூலிப்படையைக் கைகாட்டி, இந்தக் கொலைகாரப் பிராணிகள்தான் உங்கள் கப்பலை எரித்தன, வெட்டுங்கள் என்கிறான். வெட்டுகிறார்கள். முராடினுக்கே பொறுக்கவில்லை. உன் ஆட்களிடம் பொய் சொன்னாய், உனக்காகச் சண்டை போட்டவர்களைக் காட்டிக்கொடுத்தாய் என்கிறான். ஆர்தஸுக்கு அது காதில் ஏறவில்லை. மல்கானிஸ் என் நாட்டுக்குச் செய்ததை நீ பார்க்கவில்லை என்கிறான்.

அந்த அத்தியாயத்தை மறுபடி ஓட்டிக் காட்டினேன். திருநெல்வேலிக்காரன் கட்டிலில் நேராக உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பா பாம்பன் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர், படகும் கப்பலும் பார்த்து வளர்ந்தவன். "திரும்பிப் போறதுக்கு இருக்க ஒரே வழிய எரிச்சிட்டான்லே" என்றான். அதற்கு மேல் ஆர்தஸுக்காக அவன் வாதாடவில்லை. ஸ்ட்ராத்தோமில் ஆர்தஸ் செய்தது சரி என்பதை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தில்தான் அந்த வாள் வருகிறது. ஃப்ராஸ்ட்மோர்ன். எடுப்பவனுக்குக் கேடு என்று அதன் மேடையிலேயே எழுதியிருக்கிறது. முராடின் படித்துச் சொல்கிறான், இதை விட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று கெஞ்சுகிறான். என் மக்களைக் காப்பாற்ற எந்த விலையும் கொடுப்பேன் என்று ஆர்தஸ் கூவ, பனி வெடித்துச் சிதறுகிறது. ஒரு துண்டு முராடினைச் சாய்க்கிறது. ஆர்தஸ் வாளை எடுக்கிறான். அந்த வாள் அவன் ஆன்மாவை எடுத்துக்கொள்கிறது. பிறகு தலைநகருக்குத் திரும்பி, பூத்தூவி வரவேற்ற ஊரின் நடுவே நடந்து போய், அரியணையில் இருந்த தகப்பனைக் கொல்கிறான். பின்னர் ஊதரையும் கொல்கிறான்.

ஆர்தஸை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் எல்லாப் பழியையும் அந்த வாளின் மேல் போடுவார்கள். தந்தையைக் கொன்றதையும் குருவைக் கொன்றதையும் அப்படிப் போடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆன்மா போனவனிடம் போய் அறம் கேட்க முடியாது. ஆனால் கப்பலை எரித்தபோது அவன் கையில் அந்த வாள் இல்லை. அதைப் பார்த்ததுகூட இல்லை.

விடுதி முடிந்தது. ஆளுக்கொரு திசை. கும்பகோணத்துக்காரன் அமெரிக்கா போனான். மாதச் சந்தா கட்டி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடும் வசதி எங்களில் அவனுக்குத்தான் முதலில் வந்தது. 2008 நவம்பரில் அதன் விரிவாக்கமான ராத் ஆஃப் த லிச் கிங் வெளிவந்தது. சில வாரம் கழித்து ஒரு நாள் அவன் போனில் கொதித்தான். அதில் காலத்தின் குகைகள் என்று ஓர் இடம். அதற்குள் போனால் ஸ்ட்ராத்தோம் நடந்த அந்த நாளுக்கே போய்விடலாம். போய் என்ன செய்ய வேண்டும்? வரலாற்றை மாற்றப் பார்க்கிறவர்களைத் தடுத்து, ஆர்தஸ் கூடவே நடந்து, அந்தப் படுகொலை நடந்தே தீரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் நோய்த் தானியப் பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடித்து அடையாளம் காட்டும் வேலையும் நம்முடையதே. "ஊதர் பக்கம் பேசிக்கிட்டிருந்த என்னையே அவன்கூட நடக்க வெச்சுட்டாங்கடா" என்றான். தெருக்களில் பேசிச் சிரித்து நிற்கிறவர்களைக் கடந்து போக வேண்டியிருக்கிறது, அதுதான் தாங்கவில்லை என்றான். பழைய விளையாட்டில் மேலிருந்து பார்த்தோம், ஆட்கள் எறும்பளவு. இதில் முகம் தெரிகிறது.

2020-இல் பேச்சு மறுபடி கிளம்பியது. அந்த ஜனவரியில் பழைய விளையாட்டைப் புதுப்பித்து வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் என்று வெளியிட்டிருந்தார்கள். ரசிகர்களிடம் அது வாங்கிய திட்டைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம், இங்கே வேண்டாம். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தொற்று கண்ட தெருக்களைத் தகரம் வைத்து அடைத்தார்கள். எங்கள் பழைய கூட்டத்தோடு போனில் சேர்ந்துகொண்டவர்களில் என் பள்ளித் தோழி ஒருத்தியும் இருந்தாள். அரசு மருத்துவர். கோவிட் வார்டு டியூட்டி முடிந்து தனிமையில் இருந்த வாரம் அது. பொழுது போகாமல் இந்தக் கதையைக் கேட்டாள். ஆர்தஸ், ஊதர், ஜெய்னா மூவரையும் கேட்டு முடித்துவிட்டு, "மூணு பேரும் வேலையச் செய்யல" என்றாள்.

எப்படி என்று கேட்டோம். "அவன் யாரு சாப்ட்டாங்க, யாரு சாப்டலன்னு விசாரிக்கவே இல்ல. சந்தேகத்த வெச்சு முடிவெடுத்தான். சரி, அவனத் திட்டியாச்சு. அந்த ரெண்டு பேரு? இவ்ளோ குதிரை, இவ்ளோ வீரர்கள் வெச்சிருந்தவர் ஊரச் சுத்தி வளைச்சு நின்னிருக்கலாமே. வெளியேவும் விடாம, கொல்லவும் விடாம. எனக்குப் பிடிக்கலன்னு கிளம்பிப் போறது ஒரு முடிவா? நாங்க அப்படிப் போக முடியுமா?"

திருநெல்வேலிக்காரன் போனில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. இத்தனை வருஷம் கழித்து அவன் கட்சிக்கு ஒரு டாக்டர் கிடைத்துவிட்டாள். பாதிதான் கிடைத்தாள் என்பதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவளுக்குத்தான் இன்னொரு விஷயமும் தெரிந்திருந்தது. 2005 செப்டம்பரில் இதே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நிஜமாகவே ஒரு கொள்ளைநோய் பரவியது. யாரும் எழுதிய கதை அல்ல, ஒரு கோளாறு. ஹக்கார் என்ற பெரிய எதிரி தன்னோடு மோதுகிறவர்கள் மேல் ஒரு ரத்த நோயை ஏவுவான். அவன் இருக்கும் இடத்துக்குள்ளேயே அடங்கிவிட வேண்டிய நோய் அது. வீரர்கள் வளர்த்த பிராணிகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டது. கடைக்காரப் பாத்திரங்கள் சாகாமலேயே அதைச் சுமந்து பரப்பின. புதிதாக ஆட வந்தவர்கள் வந்த வேகத்தில் விழுந்தார்கள். நகரத் தெருக்களில் எலும்புக்கூடுகள் குவிந்தன. விலகியிருங்கள் என்று நிறுவனம் சொன்னதை யாரும் மதிக்கவில்லை. கடைசியில் சர்வர்களையே ரீசெட் செய்தார்கள். அந்த நாட்களில் ஆட்கள் நடந்துகொண்ட விதத்தை லாஃப்கிரென், ஃபெஃபர்மன் என்ற இரண்டு நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் 2007-இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் எழுதினார்கள். குணப்படுத்தத் தெரிந்தவர்கள் சிலர் தாங்களே சாகும்வரை நின்று வைத்தியம் பார்த்தார்கள். சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே நோயைச் சுமந்துகொண்டு கூட்டத்துக்குள் போனார்கள்.

அதாவது கதாசிரியர்கள் மறந்துபோனதை, கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சாதாரண ஆட்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். வெட்டாமலும் விலகிப் போகாமலும் நோயாளிகள் நடுவே நின்றார்கள். ஸ்ட்ராத்தோம் வாசலில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் கதை என்னவாகியிருக்கும் என்று டாக்டர் கேட்டாள். கதையே இருந்திருக்காது என்றேன்.

அந்தக் கதையைப் பிற்பாடு நிறுவனமே எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. அண்மை வருடங்களின் தொடர்ச்சியில், ஃப்ராஸ்ட்மோர்ன் செய்யப்பட்டதற்குப் பின்னாலேயே இன்னொரு பெரிய வில்லனும் அவனுடைய நெடுங்காலத் திட்டமும் இருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். என் கணக்கில் அது தேவையற்ற கருணை. ஒரு மனிதன் தானே நடந்து போய் விழுந்த குழியை, யாரோ வெட்டி வைத்த பொறியாக மாற்றிவிட்டார்கள்.

நடுவர் நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் இருவரும் இன்றும் தீர்ப்பு கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராத்தோமில் ஆர்தஸ் செய்தது கொடுமை. ஆனால் வாதாட இடமுள்ள கொடுமை. அங்கே அவன் செய்யப்போவதை வெளிப்படையாகச் சொன்னான். வர விரும்பாதவர்களைப் போகச் சொன்னான். குரு போனார், காதலி போனாள், மனசு வராத வீரனும் போயிருக்கலாம். கடற்கரையில் அவன் அந்த ஒன்றைத்தான் எரித்தான். தன்னை நம்பி வந்தவர்கள் வேண்டாமென்று சொல்லி நடக்கும் பாதை அது. எரித்துவிட்டுப் பழியை இன்னொருவன் தலையில் போட்டான். அதற்குச் சாட்சி சொல்ல இருந்தவர்களையும் அந்த வீரர்களைக்கொண்டே முடித்தான். இதற்குக் கொள்ளைநோயைக் காரணம் காட்ட முடியாது. நேரமில்லை என்று சொல்ல முடியாது. வாளையும் காட்ட முடியாது.

அந்த வீரர்கள் என்ன ஆனார்கள் என்பதும் கதையில் இருக்கிறது. வாளை எடுத்தபின் ஆர்தஸ் அவர்களைப் பனியிலேயே விட்டுவிட்டுப் போனான். அவனோடு நார்த்ரெண்டுக்குப் போன படைத்தலைவர்கள் ஃபால்ரிக், மார்வின் இருவரையும், 2009 டிசம்பரில் வந்த லிச் கிங் கடைசிப் பாகத்தில் மறுபடி சந்திக்கலாம். செத்தும் விடுதலையில்லாமல், அதே எஜமானனின் வாசலைக் காவல் காத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களை வெட்டித்தான் நாம் மேலே போக வேண்டும்.

எனவே, ஆர்தஸ் சரியா தவறா என்று யாராவது உங்களிடம் பேச வந்தால், ஆறாவது அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ள விடாதீர்கள். எட்டாவதையும் ஆடிவிட்டு வரச் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.